நிவாரணத் தொகுப்புக்கு நான் கொடுத்த கதை

தரம் ஆறு 'பி' வகுப்பின் கரும்பலகையில் நான் கடைசியாக எழுதிய வேற்றுமை உருபுகள் அழியாமல் அப்படியே இருந்தன. பலகையின் இரண்டு மூலையிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டி, அதில் ஈரத் துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் மேல்சட்டையிலிருந்து சொட்டிய நீர் 'கு' என்ற எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்துப் படுக்கையாக்கியிருந்தார்கள். அந்த ஓர் அறையில் ஒன்பது குடும்பங்கள். மண்சரிவு நடந்து ஐந்தாவது நாள், மாலை நான்கு மணி இருக்கும். பிளாஸ்டிக் கோப்பைகளில் தேநீர் வந்தது. அக்கா அதை வாங்கிக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கான வாங்குப் பலகையில் முழங்கால்கள் மேசையில் இடிக்க உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "ஒங்கிட்டதான் சொல்றேன். இது ஒன்னோட இருக்கட்டும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டியது நன்றாக நினைவிருக்கிறது. வாயைத் திறந்து வாக்கு எதுவும் கொடுக்கவில்லையே என்று பின்னாளில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது உதவவில்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிராக்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். நடுவில் இருந்தது கூரையைத் தொடாத சுவர். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் பசிக்கும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வளர்ந்ததும் கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்தேன். ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு நல்ல சேலை இல்லாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, தன் கல்யாணச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவளே மடிப்பு வைத்து எனக்குக் கட்டிவிட்டாள். "கறை பட்டா படட்டும், வேல கெடைக்கணும்" என்றாள். வேலை கிடைத்தது. கல்யாணமாகி நான் தலவாக்கலை டவுனில் வாடகை வீட்டுக்குப் போனேன். அக்கா அதே காம்பிராவில் இருந்தாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார்.

அவர்களுக்கு ஒரே மகள். என் பாடசாலையில்தான் படித்தாள். அந்த வருடம் பதினோராம் வகுப்பின் சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. தமிழ்ப் பாடத்தில் அவ்வளவு அக்கறையில்லை என்பதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். ஆசிரியர்கள் எல்லோரையும் போல நடந்து காட்டுவாள். நான் சுண்ணக்கட்டியை உடைத்துவிட்டு, உடைந்த துண்டைத் தேடுகிற மாதிரி அவள் நடித்துக் காட்டியதை ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் அப்படிச் செய்வது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, விடாமல் பெய்த மழையின் மூன்றாம் நாள் காலையில், லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கண்டிருப்பதாகச் சொல்லி எல்லோரையும் பாடசாலைக்கு இறக்கினார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோழியைத் தூக்கி வந்தவர் உண்டு, தையல் மெசினைத் தோளில் வைத்து வந்தவர் உண்டு. பகல் ஒரு மணியளவில் மழை சற்று ஓய்ந்தது. அக்காவின் மகள் லயத்துக்குத் திரும்பிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரத்தில் மலை இறங்கியது. பாடசாலையில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தை முதலில் ரயில் என்று நினைத்தார்களாம். மூன்றாம் நாள் அவளை எடுத்தார்கள்.

பரீட்சைக்கு வேண்டிய புத்தகங்களை எடுக்கப் போனாள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பிள்ளை ஓடிவிட்டாள் என்று அக்காவும் சொன்னாள். மாமா கொழும்பிலிருந்து புறப்பட்டு, தண்டவாளத்தில் மண் விழுந்ததால் ரயில் வட்டவளையிலேயே நின்றுவிட, அங்கிருந்து ஹட்டன் வரை நடந்து, பிறகு ஒரு லொறியில் ஏறி வந்து சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "படிப்பு மேல அவ்வளவு ஆசங்க எம்புள்ளைக்கு. உசுர விடப் பொஸ்தகம் பெருசாப் போச்சு." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களில் அவர் நின்றார். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

அக்கா அந்த வாங்கில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது வேறு.

"ஜீ.எஸ். ஐயா பேரு எழுத வந்தாரு. ஐடென்டி நம்பரு கேட்டாரு. எனக்கு வாயில வரல. நாளைக்குக் கொண்டாங்கம்மா, அவசரமில்லன்னுதான் அவரு சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. மழ விட்டிருக்கு, ஓடிப் போயி சாமி படத்துக்குப் பின்னால இருக்க மஞ்சப் பைய எடுத்துட்டு ஓடியான்னேன். சோறு தின்னுட்டுப் போறேம்மான்னா. வந்து திங்கலாம் போடின்னு ஏசுனேன். அதான் நான் அவகிட்ட கடைசியாப் பேசுனது."

ஜீ.எஸ். என்பவர் கிராம சேவகர், நிவாரணத்துக்குப் பெயர் பதிகிற அதிகாரி. மஞ்சள் பையில் மூன்று பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும், அக்காவின் அடையாள அட்டையும், கல்யாணப் பதிவுக் காகிதமும் இருந்தன. வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டால், காகிதத்துக்காகவா என்று கேட்கலாம். மலைநாட்டில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். கையில் காகிதம் இல்லாததாலேயே நாடில்லாதவர்கள் என்று எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வீடு தீப்பற்றினால் முதலில் எதை எடுப்பாய் என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அக்கா தன் மகளை ஒரு பைக்காக அனுப்பவில்லை. அக்காவுடைய அப்பாவும் தாத்தாவும் அக்காவுக்குள் போட்டுவைத்த பயம் அனுப்பியது. இதையெல்லாம் நான் அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் நீண்ட காலம் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மிஸ் இப்போது கொழும்பில் இருக்கிறார். கதைகளும் கவிதைகளும் திரட்டி, மண்சரிவில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு தொகுப்பு கொண்டுவருவதாகச் சொன்னார். விற்று வருவதெல்லாம் புத்தகப் பைக்கும் கொப்பிக்கும் போகும். நான் அவ்வப்போது பத்திரிகைகளில் கதை எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

"நீர் கட்டாயம் எழுதவேணும், பிள்ளை. இங்க இருந்து நாங்கள் எத்தனை பேர் எழுதினாலும் அது தூரத்தில நிண்டு பாத்த மாதிரித்தான் இருக்கும். உம்மட ஆக்களைப் பற்றி நீர் எழுதினாத்தான் அது சரி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அந்த ஒன்றரை மாதமும் நான் அரிசி மூட்டைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டும், கொசுவலை பங்கிட்டுக்கொண்டும் இருந்தேன். எல்லாம் எவரும் செய்யக்கூடிய வேலை. எழுதுவது என்னால் மட்டும் முடிந்த உதவி என்று தோன்றியது. முதலில் எழுதியதில் மழை இருந்தது, மலை இருந்தது, 'நூற்றாண்டுகளாக' என்று ஒரு சொல்லும் இருந்தது. மிஸ் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பேசினார். "நல்ல தமிழ். ஆனா பேப்பரில வாற செய்தி மாதிரிக் கிடக்கு. ஆரும் அழமாட்டினம். உமக்குத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பற்றி எழுதும். ஒரே ஒரு ஆள்."

அவர் சொன்னது சரி. எழுதத் தெரிந்தவர் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை அவர்களுடைய அப்பாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றினேன். தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டேன். தாயைக் கொழுந்து பறிப்பவளாக அல்லாமல் தொழிற்சாலையில் வேலை செய்பவளாக்கினேன். ஆனால் மஞ்சள் பையை மாற்றவில்லை. சாமி படத்தை மாற்றவில்லை. 'சோறு தின்னுட்டுப் போறேம்மா'வை மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் கதை செத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பந்தியை எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. அதுவரை நான் எழுதிய எதுவும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். அந்தத் தேநீரைக் குடித்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்துவிட்டு இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

அக்காவிடம் போய்க் கேட்கவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. அப்போது அவள் கீழ்க்கணக்கில் ஓர் உறவினர் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். பஸ்ஸில் அரை மணி நேரம். துக்கத்தில் இருப்பவளை இதற்காகத் தொந்தரவு செய்வதா என்று நினைத்துக்கொண்டேன். கொழும்பில் வரப்போகிற புத்தகம், விருந்தினர்கள் வாங்குவார்கள், வெளிநாட்டுக்குப் போகும், மேல்கணக்குக்கு ஏன் வரப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதுதான் உண்மையான காரணம்.

புத்தகம் மேல்கணக்குக்கு வந்தது. மிஸ்ஸின் நல்ல மனசுதான் அதைக் கொண்டுவந்தது. வெளியீட்டை ஹட்டனில் வைக்கவேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பங்களை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கவேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். "அவையின்ர கதை அவையிட்ட இருக்கவேணும்" என்றார். எனக்கு அது நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்புதான் தெரிந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்தப் பந்தியை வாசிக்கவேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது.

அக்கா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மாமா வந்திருந்தார். வெளுத்த நீலச் சட்டை, முடி வாரியிருந்தார், இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. பள்ளிப் பிள்ளைகள் இருந்த குடும்பங்களுக்கு மேடையில் அழைத்துப் புத்தகப் பை கொடுத்தார்கள். பைக்குள் கொப்பிகளும் தொகுப்பும் இருந்தன. பிள்ளை இல்லாத குடும்பங்களுக்குத் தொகுப்பு மட்டும். மாமா மேடையேறி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு இறங்கினார்.

பிறகு கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் தொகுப்பைப் பற்றிப் பேசினார். என் கதையைப் பெரிதாகப் பாராட்டினார். "இந்த ஒரு பந்திக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு அதை வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி வாசித்தார். 'வந்து திங்கலாம் போடி' என்ற இடத்தில் மண்டபத்தில் சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மேடையில் இருந்ததால் எல்லோருடைய முகமும் தெரிந்தது. மாமா குனிந்து, கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். கைதட்டல் எழுந்தபோதும் அவர் நிமிரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வாசலுக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பின் கீழ் நின்றிருந்தார்.

"டீச்சர், அந்தக் கதையில மஞ்சப் பை ஒண்ணு வருதே."

"ஆமா மாமா."

"சாமி படத்துக்குப் பின்னால."

"கதைதான மாமா. எல்லா வீட்டுலயும் அங்கதான வைக்கிறாங்க."

"ஆமா. எல்லா வீட்டுலயும் அங்கதான் வைக்கிறாங்க" என்று திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல வீதியைப் பார்த்தார். "எங்க வீட்டுல முருகன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சது நாந்தான். தீவாளிக்கிச் சேல எடுத்த பை. எல்லாத்தையும் ஒண்ணா அதுல போட்டு, வேற எங்கயும் வைக்காதன்னு அவகிட்டச் சொல்லி வச்சேன்."

புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவ படிக்கத்தான் போனான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்" என்றார். அவருடைய பஸ் வந்தது. புத்தகம் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.

அதற்குப் பிறகு அந்தப் பின்னறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா பின்னாளில் சொன்ன கொஞ்சத்தை வைத்துத்தான் தெரியும். மாமா ஒரு வாரம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, அவள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் புறப்பட்டபோது, நீயா அனுப்பின என்று மட்டும் கேட்டார். அவள் ஆமா என்றாள். அவர் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மறுநாள் கொழும்புக்குப் போனார். முதலில் மாதாமாதம் வந்தார். பிறகு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும். இப்போது இரண்டு வருடமாக எதற்கும் வருவதில்லை.

வெளியீடு முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு, பாடசாலை விட்டு நான் வெளியே வந்தபோது அக்கா வாசல் கேட் அருகே நின்றிருந்தாள். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தாள், காலில் மண். பிள்ளைகள் எங்கள் இருவரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் என்னென்னவோ சொன்னேன். பெயரை மாற்றினேன் அக்கா, ஊரை மாற்றினேன், நிவாரணத்துக்குத்தான் எழுதினேன், அந்தப் பையெல்லாம் அதில்தான் வாங்கினார்கள் என்றேன். அவள் ஓடும் பிள்ளைகளின் முதுகில் இருந்த புதுப் பைகளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் நல்லதுதான். நான் ஒங்கிட்டதான சொன்னேன்" என்றாள்.

திரும்பி ஏற்றத்தில் நடந்தாள். அதன்பின் வழியில் எங்காவது கண்டால் "சொகமா டீச்சர்" என்பாள். "வாங்க, போங்க" என்பாள். பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்றே பேசியவள்.

அந்தப் பைகளை நான் இழிவாகப் பேசமுடியாது. அடுத்த இரண்டு வருடம் என் வகுப்பில் அவை தினமும் இருந்தன. பச்சைப் பைகள், நல்ல தையல், மழைக்குத் தாங்கின. அவை இல்லாவிட்டால் சில பிள்ளைகள் சிலிசிலி என்கிற பிளாஸ்டிக் பேக்கில்தான் புத்தகம் கொண்டுவந்திருப்பார்கள். என் கதையைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் இன்னும் பத்துக் குடும்பங்களுக்குச் சமையல் சாமான் வாங்கிக் கொடுத்தார் என்று மிஸ் சொன்னார். எல்லாம் உண்மை. ஒரு வீட்டை உடைத்த கதை பத்து வீட்டுக்கு அடுப்பு மூட்டியது. இதை எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மிஸ்ஸிடம் நான் நடந்ததைச் சொல்ல ஒரு வருடம் ஆனது. தொலைபேசியில்தான் சொன்னேன். "ஒரு ஆளைப் பற்றி எழுதும் எண்டு சொன்னது நான்தானே" என்றார். "அந்த ஆளைக் கேட்டனீரோ எண்டு நான் கேக்கேல்ல. கேட்டிருக்கவேணும். எனக்கும் தெரிஞ்சிருக்கவேணும், பிள்ளை. நானும் ஒருநாள் சண்டைக்குள்ள ஒரு சூட்கேசோட வீட்டை விட்டு வெளிக்கிட்டனான். அதைப் பற்றி ஆரும் என்னைக் கேக்காம எழுதினா எனக்கு எப்படி இருக்கும்?" அந்தக் கதைக்குப் பிறகு நான் எந்தத் தொகுப்புக்கும் எழுதவில்லை. பத்திரிகைக்கும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால், கேட்காமல் எடுத்த பொருளின் மேல் கை வைப்பதுபோல இருந்தது.

போன கார்த்திகையில் மறுபடியும் மழை. இந்த முறை எங்கள் பக்கம் மட்டுமல்ல, இறம்பொடைப் பக்கம், கீழே கண்டிப் பக்கம், எல்லா இடமும். மறுபடியும் பாடசாலைகளில் மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். மறுபடியும் மிஸ் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. இன்னொரு தொகுப்பு என்றார். என்னை எழுதச் சொல்ல அவருக்குத் தயக்கமாக இருந்தது. "எழுதச் சொல்லிக் கேக்கேல்ல. கேட்டுப்போட்டு எழுத ஏலுமெண்டா எழுதும்" என்றார்.

அதனால்தான் சென்ற மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது அவளுக்குத் தனிவீடு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, ஒரு சின்ன முன்வாசல், பக்கத்தில் கொஞ்சம் நிலத்தில் லீக்ஸும் கோவாவும் என்று காய்கறி போட்டிருக்கிறாள். வீட்டுப் பத்திரம் இன்னும் வரவில்லை என்றாள். "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ கொடுத்தாள். வந்த காரணத்தைச் சொன்னேன். அன்றைக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு என்னால் நடந்ததையும் எழுதலாமா என்று கேட்க வந்தேன், வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தாள். மாமா விட்டுவிட்டுப் போனது. அட்டையின் ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது.

"இத நான் படிச்சதில்ல. எழுத்துக் கூட்டிப் பாத்தேன், முடியல. அவங்க அவங்க சொன்னதுதான் தெரியும். படிங்க, கேப்போம்" என்றாள்.

நான் வாசித்தேன். என் எழுத்தை அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. அவள் கீழே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "கொட புடிச்சுக்கிட்டுப் போனான்னா எழுதியிருக்கு? கொட ஏது? ஓரத்துல கெடந்த கொழுந்துச் சாக்க எடுத்துத் தலையில போட்டுக்கிட்டுப் போனா." இன்னோர் இடத்தில், தாய் கதறினாள் என்று நான் எழுதியிருந்ததற்கு, "நான் கத்தல. சத்தமே வரல" என்றாள். மற்றபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் கதையில் வருகிற மகளின் பெயரை நான் சொல்லும்போதெல்லாம் அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததைக் கவனித்தேன்.

முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தேன். வெளியே யாரோ மண்வெட்டியால் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது யாரு?" என்றாள்.

"எது அக்கா?"

"அந்தப் பேரு. வேற யாரோ புள்ள பேரா இருக்கு."

"நான்தான் மாத்தி வச்சேன் அக்கா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்."

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் அவள ஏசுனது தெரிஞ்சுபோச்சு, நாந்தான் அனுப்புனேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பறம் எதுக்கு அதுல இன்னொரு புள்ள பேரு?"

மடியிலிருந்த புத்தகத்தை மறுபடி திறந்தேன்.

"பேனா இருக்கா?"

கைப்பையில் கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனா மட்டும் இருந்தது. எடுத்தேன். அவள் என் பக்கத்தில் நெருங்கி வந்து உட்கார்ந்தாள். நான் வைத்த பெயரை ஒவ்வொரு இடமாகக் கோடிட்டு அடித்து, மேலே அவளுடைய மகளின் பெயரை எழுதினேன். பத்துப் பதினொரு இடம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம், விடுபட்டிருக்கிறதா என்று அக்கா விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்று விட்டுப்போயிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும்.

"இப்ப எழுதுறதுல பேரு போடாத. எல்லார் வாயிலயும் வர வேணாம். இந்த ஒண்ணுல மட்டும் இருக்கட்டும்" என்றாள். அவள் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். அதனால் இங்கே யார் பெயரும் இல்லை. மாமாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். "உங்கள் இஷ்டம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமலேதான் இதை எழுதுகிறேன்.

பேனாவை மூடினேன். அக்கா புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"மறுபடிப் படி."

முதலிலிருந்து வாசித்தேன். இந்த முறை அவள் மகளின் பெயரோடு. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம், மழை, ஜீ.எஸ். ஐயா எல்லாம் தாண்டி, சோறு தின்றுவிட்டுப் போகிறேன் என்று அந்தப் பிள்ளை சொல்கிற இடத்துக்கு வந்தேன். பேச்சாளர் நிறுத்தி வாசித்த இடம். ஒரு சனிக்கிழமை காலை எனக்கு உடம்பு சிலிர்த்த இடம். அங்கே நிறுத்தினேன்.

"நிறுத்தாத" என்றாள் அக்கா. "அவ பேசிக்கிட்டிருக்கா. படி."